சம்பந்தியம்மா தைத்த மாத்திரைப் பை

அன்பு மாறாத என் சம்பந்தியம்மா, பிலோமினா சிஸ்டருக்கு,

உயிரோடு இருந்தவரைக்கும் உங்களை நான் 'அன்பு' போட்டுக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டிருந்தால், "என்ன சம்பந்தி, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று என் நாடியைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள். நர்ஸ் புத்தி போகுமா?

கல்லறைத் திருநாளுக்கு உங்கள் மாதா கோயிலில் நினைவு மலர் என்று ஒரு புத்தகம் போடுகிறார்கள். இந்த வருஷம் போனவர்களைப் பற்றி வீட்டுக்கு ஒருவர் எழுதித் தர வேண்டுமாம். "நீங்க எழுதுங்க அத்தை, நாலு வரி போதும்" என்றாள் உங்கள் மகள் ஜெசிந்தா. நாலு வரியில் முடிகிற சங்கதியா உங்களுக்கும் எனக்கும் நடுவில் இருக்கிறது? நான் ஐந்தாம் வகுப்புதான். பிழை இருந்தால் திருத்தித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதை அவள் அச்சில் பார்த்தால் போதும். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. நம் பேத்தி சீமைக்குப் போய்விட்டாள். கம்பெனியில் மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறார்கள். லண்டனுக்கு மேலே ஏதோ ஒரு ஊர், பேர் என் வாயில் நுழையவில்லை. கடலில் வலை போட்டவன் மகனுக்குப் பிறந்தவள், கடலுக்கு மேலே பறந்து போனாள் என்று எங்கள் ஊரூர்க் குப்பமே பேசுகிறது. என்னோடு மீன் விற்றவர்களிடமெல்லாம் நானே போய்ச் சொல்லிவிட்டு வந்தேன். இதில் பெருமைப்படாமல் வேறு எதில் பெருமைப்படுவது?

அவளை நான் கங்கா என்றுதான் எழுதுவேன். நீங்கள் அமலா என்று படித்துக்கொள்ளுங்கள். அவள் பிறந்த பதினாறாம் நாள் யாருக்கும் சொல்லாமல் கோயிலுக்குத் தூக்கிப்போய் அமலா என்று ஞானஸ்நானம் கொடுத்தீர்கள். நான் விட்டேனா? மறுநாளே என் மகன் சேகரை இழுத்துக்கொண்டு கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போய், எங்கள் கங்கையம்மன் பேரைப் பதிய வைத்தேன். சர்ட்டிபிகேட் வந்த அன்று தெரு முழுக்கச் சுண்டல் கொடுத்தேன். நீங்களும் ஒரு கிண்ணம் வாங்கிச் சாப்பிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றீர்கள்.

பேரில் ஜெயித்தேன். மற்றதில் எல்லாம் நீங்கள்தான். பசி வந்தால் என்னிடம் வருவாள், காய்ச்சல் வந்தால் உங்களிடம் ஓடுவாள். பசியா பெரிது? ஒரு தட்டுச் சோற்றில் தீர்ந்துபோகும். காய்ச்சல் நாலு நாள் இருக்கும். அந்த நாலு நாளும் அவள் உங்கள் மயிலாப்பூர் வீட்டில், உங்கள் கட்டிலில். நான் சங்கரா மீன் குழம்பைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு வாசலில் நிற்பேன். "இப்போ காரம் வேண்டாம் சம்பந்தி" என்று வாங்கி ஓரமாக வைப்பீர்கள். அந்தத் தூக்குச் சட்டியை நீங்கள் வைக்கும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

ஒன்பது வயதில் அவளுக்கு முதல் தடவை வலிப்பு வந்தது என் கண் முன்னால்தான். கரையில் விளையாடிக்கொண்டிருந்தவள் மணலில் விழுந்து வெட்டி வெட்டி இழுத்தாள். எங்கள் வழக்கப்படி இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை அவள் கையில் திணித்து, விரலை மூடிப் பிடித்துக்கொண்டு கத்தினேன். நீங்கள் அன்று அதிசயமாக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். ஓடி வந்து என் கையைத் தட்டிவிட்டீர்கள். "இரும்பு ஒண்ணும் பண்ணாது. தள்ளுங்க, ஒருக்களிச்சுப் படுக்க வெக்கணும்." குப்பமே கூடி நின்றது. நீங்கள் சொன்னதுதான் சரி. சரியாகச் சொல்கிறவர்கள் மேல் வருகிற கோபம் எவ்வளவு காலம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா சிஸ்டர்? எனக்குத் தெரியும். பதினாலு வருஷம் ஆகிவிட்டது.

அன்றோடு மாத்திரை உங்கள் இலாகா. நீங்கள் வேலை பார்த்த அடையாறு கிளினிக்கில் நீங்களே காட்டி, நீங்களே வாங்கி, வேளைக்கு வேளை போனில் ஞாபகப்படுத்தி. அவள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபோது உங்கள் யூனிபார்ம் புடவையைக் கிழித்து ஒரு நீலச் சுருக்குப் பை தைத்துக் கொடுத்தீர்கள். நான் கொடுத்த எவர்சில்வர் டப்பா ஹாஸ்டலிலேயே தொலைந்துபோனது. உங்கள் பை தொலையவில்லை.

நீங்கள் போன அன்று பிள்ளை அழுத அழுகை இருக்கிறதே... பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் செத்தால் இதில் பாதியாவது அழுவாளா என்று அளந்துகொண்டிருந்தேன். செத்தவரைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இனி சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

அவள் கிளம்பிய அன்று காலையில் பெட்டியை நிறுத்துப் பார்த்தோம். மீன் நிறுக்கிற கொக்கித் தராசில்தான். சேகர் அதை நிலைக்கம்பியில் மாட்ட, பெட்டி வஞ்சிரம் மாதிரி தொங்கியது. விமானத்துக்காரன் சொன்ன எடைக்கு மேலே ஒரு கிலோ.

"இன்னாம்மா, அந்தக் கருவாட்ட எட்து வெளில வை" என்றான் சேகர்.

"ஏன்டா, கொயந்த அங்க ரொட்டிய கடிச்சிக்கினே கெடக்கணுமா?"

"ஆயா, ரூம்ல நெத்திலி வறுத்தா போலீஸ் வந்துடும்" என்று சிரித்தாள் கங்கா.

"வரட்டுமே. ஒரு வாய் அவனுக்கும் குடு."

எதை எடுப்பது என்று முடிவாகவில்லை. அதற்குள் வண்டி வந்துவிட்டது என்று மூவரும் வாசலுக்குப் போனார்கள். பெட்டி திறந்து கிடந்தது. மேலேயே உங்கள் நீலப் பை. கனமாக இருந்தது. மாத்திரை அவள் கைப்பையில் போகும், இதற்குள் உங்கள் ஜெபப் புத்தகமும் ஜெபமாலையும்தான் இருக்கும் என்று நினைத்தேன். செத்தும் கூடவே கிளம்பிவிட்டீர்களே, என் கருவாடு இறங்க வேண்டும், உங்கள் பை ஏற வேண்டுமா என்று நினைத்தேன். எடுத்து பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் தள்ளினேன். கூடவே அவளுடைய கனத்த துண்டு ஒன்றையும் எடுத்துவிட்டேன். எடை சரியாகிவிட்டது. கருவாடு சீமைக்குப் போனது.

மாத்திரை என்று தெரிந்திருந்தால் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் திறந்து பார்க்கவில்லையே, ஏன்? முடிச்சு ஒன்றும் பெரிய முடிச்சில்லை. திறந்து பார்த்தால் திரும்ப வைக்க வேண்டி வருமோ என்றா?

மறுநாள் புதன்கிழமை போன் வந்தது. "அம்மா, அம்மம்மா தெச்ச ப்ளூ பை வீட்ல இருக்கா பாரு. மூணு மாச மாத்திரையும் அதுலதான் இருந்துச்சு."

ஜெசிந்தாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எத்தனை தடவை சொன்னேன் கங்கா? முதல்ல அதை எடுத்து வைனு சொன்னேனா இல்லையா? இவ்ளோ மறதியா உனக்கு?"

"வெச்ச மாதிரிதாம்மா இருக்கு..."

நான் பீரோவைத் திறந்தேன். "பொடவ நடுவுல கெடக்குதும்மா" என்று எடுத்து நீட்டினேன். எப்படி அங்கே வந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவள் கைப்பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. எங்கே போனாலும் ஓர் அட்டை கையோடு இருக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டமாம். பத்து மாத்திரை, ஒரு நாளைக்கு இரண்டு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு தீரும். ஒரு வேளை தப்பினாலும் வலிப்பு திரும்ப வரலாம் என்று நமக்குத் தெரியும். அங்கே டாக்டரைப் பார்க்கப் பத்து நாள் ஆகும் என்கிறார்களாம். அவசரம் என்று போனாலும் இங்கத்து டாக்டர் கடிதம் கேட்பார்களாம்.

பகல் பதினொரு மணிக்கு நானும் ஜெசிந்தாவும் தியாகராய நகரில் ஒரு கூரியர் ஆபீசில் நின்றோம். டாக்டர் சீட்டு, மருந்துக் கடை ரசீது, பாஸ்போர்ட் நகல், அட்டை பிரிக்காத மாத்திரை எல்லாவற்றையும் மேஜையில் பரப்பினோம். அங்கிருந்த பெண் அதையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"பாஸ்போர்ட்ல கங்கான்னு கீது. சீட்டுல அமலான்னு கீது. மாத்திரை யாருக்கு?"

"ரெண்டும் ஒரே பொண்ணுதாங்க" என்றாள் ஜெசிந்தா.

"உங்க வூட்ல ஒரே பொண்ணுதான். அந்த ஊர்ல பார்சலப் பிரிக்கிறவனுக்கு ரெண்டு பொண்ணு. பாஸ்போர்ட்ல இருக்கிற பேர்ல டாக்டர் லெட்டர் வேணும். இன்னா மருந்து, இன்னா வியாதிக்கு, ஒரு நாளைக்கு எத்தினின்னு எய்தி சீல் வெச்சி எட்துக்கினு வாங்க. நாளிக்கிக் குட்தா திங்கக்கெயம போய்டும்."

எனக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியும். இங்கிலீஷ் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பதினாலு வருஷமாகக் கேட்டதே இல்லை. கார்ப்பரேஷனில் நான் பதிந்தேன் என்று சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தேன். நீங்களோ சத்தமில்லாமல் ஒவ்வொரு மாத்திரையையும் நீங்கள் வைத்த பேரில் கொடுத்துக்கொண்டிருந்தீர்கள். பிள்ளைக்கு மாத்திரை போகாதே என்பதைவிட, அந்த ஒரு நிமிஷம் எனக்கு இதுதான் முன்னால் வந்து நின்றது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

"அம்மா கிளினிக்ல அப்பவே எழுதுனது அத்தை. யாரும் கேக்கல, அப்படியே ஓடிடுச்சு" என்றாள் ஜெசிந்தா. அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வேலை, மதியத்துக்குள் போயாக வேண்டும். சேகர் காசிமேட்டில் படகு எஞ்சின் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான். "சீட்ட என்னாண்ட குடு, நான் போறேன்" என்று வாங்கிக்கொண்டு அடையாறு பஸ் ஏறினேன்.

உங்கள் கிளினிக்குக்கு அதுவரை நான் வந்ததில்லை. கவுண்டரில் இருந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"கங்காவா? அப்பிடி யாரும் நம்மகிட்ட காட்டலியே."

"அமலான்னு பாரும்மா."

"அமலாவா! நம்ம சிஸ்டர் பேத்தி! நீங்க யாரு?"

"நான் அவ ஆயா."

"அவ பாட்டி சிஸ்டருல்ல? அவங்க தவறிட்டாங்களே."

"ஒரு கொயந்தைக்கி ஒரே ஒரு பாட்டியா இருப்பா? அப்பன பெத்தவ ஒருத்தி இருக்க மாட்டாளா?"

நாற்காலியைக் காட்டினார். டாக்டரம்மா ஐந்து மணிக்குத்தான் வருவாராம். நாற்காலிக்கு நேர் எதிரே சுவரில் நீங்கள், சந்தன மாலையோடு. நாலு மணி நேரம் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள், நான் உங்களைப் பார்த்தேன். எழுந்து வேறு நாற்காலிக்கு மாறினேன். அங்கேயும் உங்கள் கண் வந்தது.

டாக்டரம்மா பாஸ்போர்ட் படத்தைப் பார்த்ததும், "நம்ம அமலாதான்" என்றார். உடனே, "ஆனா பாட்டி, என் ஃபைல்ல கங்காவே கிடையாதே. ஒண்ணு செய்யலாம். அமலாவ அடிச்சுட்டு இன்னியிலேருந்து கங்கான்னு மாத்திடட்டுமா?" என்றார்.

இருபத்து மூன்று வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை. 'அடித்துவிடுங்கள்' என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்போது அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கம் பக்கமாக உங்கள் கையெழுத்து. ஊடே தமிழும் இருந்தது. 'இந்த மாத்திரையில் தூக்கம் அதிகம்.' 'பரீட்சை நேரத்தில் ஒரு தடவை வந்தது, ஒரு நிமிஷத்தில் தெளிந்தாள்.' 'ஆயா வீட்டில் இருந்து வந்த பிறகு நன்றாகச் சாப்பிடுகிறாள்.'

கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன். என்னிடம் ஒருநாளாவது சொன்னீர்களா?

"பேர அட்ச்சுட்டா இதெல்லாம் யாருது ஆவும் டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"நியாயமான கேள்விதான். ரெண்டு பேரும் இருக்கட்டும்னா, வீட்டுப் பெரியவங்க ஒருத்தர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. ஃபைல்ல வெச்சுக்கிட்டு, பாஸ்போர்ட் பேரையும் இந்தப் பேரையும் சேர்த்து லெட்டர் தர்றேன்."

எழுதினேன். 'கங்காவும் அமலாவும் ஒருத்தியே. கங்கா என்பது நான் வைத்த பேர். அமலா என்பது அவள் அம்மம்மா வைத்த பேர்.'

டாக்டரம்மா படித்துவிட்டுச் சிரித்தார். "யார் வெச்சதுனு எழுத வேண்டாம் பாட்டி."

"இர்க்கட்டும் டாக்டரம்மா. நாளிக்கி எவனாவது கேப்பான்."

வியாழக்கிழமை காலையில் பார்சல் போனது. கூரியர் பெண் கடிதத்தைப் படித்துவிட்டு முத்திரை குத்தினாள். உங்கள் நீலப் பையையும் மடித்து உள்ளே வைக்கச் சொன்னேன்.

ஞாயிறு சாயங்காலம் பத்தாவது மாத்திரை முடிந்தது. திங்கள் காலை வேளைக்கு ஒன்றும் இல்லை. கூடத் தங்கியிருக்கும் மலையாளப் பெண் வேலைக்குப் போகாமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். இங்கே உங்கள் மகள் மாதாவிடம் போனாள், நான் கங்கையம்மனிடம் போனேன். அன்று மீன் வாங்கவில்லை, உலை வைக்கவில்லை. சாயங்காலம் போன் அடித்தது.

"ஆயா, வந்துடுச்சு! போட்டுட்டேன்!"

ஜெசிந்தா தரையில் உட்கார்ந்து அழுதாள். நான் கேட்டேன், "கருவாடு இன்னா ஆச்சு?" "அடுப்புல வெச்ச அன்னிக்கே அலாரம் அடிச்சு கட்டிடமே கீழ எறங்கி நின்னுச்சு ஆயா" என்றாள். பிறகு சொன்னாள்: "நீதான் தனியா போயி லெட்டர் வாங்குனியாமே. அம்மம்மா இருந்திருந்தாகூட இவ்ளோ சீக்கிரம் பண்ணியிருக்க மாட்டாங்க ஆயா."

இந்த ஒரு பேச்சுக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கியிருப்பேன்! கடைசியில் உங்களை ஜெயித்தேன். முள்ளோடு விழுங்கிய கவளம் மாதிரி அது தொண்டையிலேயே நிற்கிறது.

அதோடு விட்டாளா? "ஆயா, ஒண்ணு கேக்கவா? பைய பெட்டியில வெச்சது எனக்கு நல்லா ஞாபகம் கீது. முடிச்சு போட்டதுகூட ஞாபகம் கீது. அப்புறம் எப்பிடி வூட்ல இருந்துச்சு? வலிப்பு வந்து வந்து என் மூளை ஏதாவது ஆயிடுச்சா? பயமா கீது ஆயா. இங்க மெஷினப் பத்தி சொல்லித் தர்றாங்க, மறந்துடுமோன்னு எல்லாத்தையும் ரெண்டு தடவ எழுதிக்கிறேன். திரும்பி வந்துடலாமான்னு தோணுது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு, தூங்கு" என்றேன். அங்கே பட்டப்பகல்.

நாலு நாளாக யோசிக்கிறேன். நீங்களாக இருந்தால் இந்த இடத்தில் என்ன செய்திருப்பீர்கள்? இதையும் சரியாகத்தான் செய்திருப்பீர்கள். சகிக்கவில்லை.

நாளைக்கு மதியம் கூப்பிடுவாள். பை எப்படி வீட்டில் இருந்தது என்று சொல்லப்போகிறேன். ஜெசிந்தாவையும் சேகரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, ஒலிபெருக்கியைப் போட்டு. உன் மூளைக்கு ஒன்றும் இல்லை கண்ணே, நீ வைத்தாய், ஆயாதான் எடுத்தாள் என்று. அதற்குப் பிறகுதான் இந்தத் தாளை மலருக்குக் கொடுப்பேன். நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நான் சொல்லிவிட்டேன் என்று அர்த்தம். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அவள் கத்துவாள். பேசாமல் இருந்துவிடுவாளோ என்றுதான் பயம். கத்தினால் பரவாயில்லை. உங்களை அவள் ஒருநாளும் திட்டியதில்லை, நீங்கள் அதற்கு இடமே கொடுக்கவில்லை. காய்ச்சலையும் கண்ணீரையும் உங்களிடமே கொண்டுவந்து கொட்டினாள். நாளைக்கு வரப்போகிற திட்டு மட்டும் எனக்கே எனக்கு. அதில் உங்களுக்கு ஒரு துளிகூடப் பங்கு தர மாட்டேன்.

உங்களுக்கு வாய்த்த ஒரே சம்பந்தி,
தனம்